கருத்தடை: ஏட்டில் இருப்பதும் வீட்டில் நடப்பதும்

என் மூத்த மகனுக்கு ஒன்பது மாதம் நிறைந்த வாரத்தில்தான் நான் மறுபடியும் கருவுற்றிருப்பது எனக்குத் தெரிய வந்தது. பிரசவத்திற்குப் பிறகு ஒருமுறைகூட மாதவிடாய் வந்திருக்கவில்லை. தள்ளிப்போவதற்கு எனக்கு நாள் என்று ஒன்றே இருக்கவில்லை. காலையில் வந்த குமட்டலைத் தூக்கக் குறைவு என்று நினைத்தேன். மூன்றாவது வாரமும் அது நிற்காதபோது, ஒரு சோதனைப் பட்டையை வாங்கி வந்து, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் ஒரு கோடு தெளிவாக விழுந்தது. அதன் அருகில் இரண்டாவது கோடு, பென்சிலால் மெல்லக் கீறியதுபோல் மங்கலாகத் தோன்றி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுத்தமாக மாறியது.

"பால் கொடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதும்மா" என்று வீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார். பிரசவத்திற்குப் பிறகு என்னைப் பார்த்த செவிலியரும் ஏறக்குறைய அதையே சொன்னார். இருவரும் பொய் சொல்லவில்லை. உண்மையின் முதல் பாதியை மட்டும் சொன்னார்கள். மறுபாதியை நான் இரண்டாவது பிரசவத்திற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். தாய்ப்பால் கருத்தடையாக வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, தாய்க்கு மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தை இரவும் பகலும் நீண்ட இடைவெளி இல்லாமல் தாய்ப்பாலை மட்டுமே குடித்து வளர வேண்டும். மூன்றும் பொருந்தியிருக்கும் வரை இந்த முறை 98 சதவீதத்திற்கும் மேல் பாதுகாப்புத் தருகிறது. ஒன்று தளர்ந்தாலும் பாதுகாப்பு தளர்ந்துவிடும். என் மகனுக்கு ஆறு மாதம் முடிந்து, அவன் இணை உணவு உண்ணத் தொடங்கி, இரவில் இடைவிடாமல் உறங்கவும் பழகியிருந்த காலம் அது. மூன்றில் இரண்டு போய்விட்டிருந்தன. மீதமிருந்த ஒன்றை நம்பி நான் இருந்தேன்.

அந்த ஒன்றுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. மாதவிடாய் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடுகிறது. பிரசவத்திற்குப் பின் வெளியாகும் முதல் முட்டை எந்த அறிவிப்பும் கொடுப்பதில்லை. அந்த முட்டையே கருவாகிவிட்டால், எதிர்பார்த்துக் காத்திருக்கும் முதல் மாதவிடாய் வரப்போவதே இல்லை. தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பிரசவமான நான்காவது வாரத்திலேயே முட்டை வெளியாகக்கூடும். "மாதவிடாய் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்லக் கேட்டால் இன்றைக்கும் நான் இடைமறித்துப் பேசிவிடுகிறேன்.

என் இரண்டாவது குழந்தையான மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவள் வேண்டாதவளாக ஒரு நாளும் வளரவில்லை. ஆனால் அவளைச் சுமந்த மாதங்களில் என் உடல் ஆயத்தமாக இல்லை என்பதும் உண்மை. இரத்தசோகை முழுதாக நீங்கியிருக்கவில்லை. படிக்கட்டில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கியது. இடுப்பில் ஒரு குழந்தையும் வயிற்றில் ஒரு குழந்தையுமாக இருந்தேன். ஒரு பிரசவத்திற்குப் பிறகு அடுத்த கருவுக்கு முயல்வதற்கு முன் குறைந்தது 24 மாதங்கள் இடைவெளி விடுவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இடைவெளி மிகவும் குறையும்போது குறைமாதப் பிரசவம், குறைந்த எடை, தாயின் இரத்தசோகை ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. கருத்தடை என்றவுடன் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களின் விஷயம் என்றே பலர் நினைக்கிறார்கள். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும், இப்போதா பிறகா என்று தீர்மானிக்க அதுவே கருவி.

அந்தச் சொல்லையே சற்றுப் பார்க்கலாம். கருத்தடை என்பது கரு உருவாவதற்கு முன் தடுப்பது; உருவாகிவிட்ட கருவை நீக்குவது கருக்கலைப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சு குற்றவுணர்வோடு தொடங்குகிறது. பிறப்புக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு என்ற சொற்களில் வரும் கட்டுப்பாடு யாருடையது என்பதும் கேட்கத்தக்க கேள்வி. நாட்டின் மக்கள்தொகைக்காகவும் வீட்டின் வருமானத்திற்காகவும் பேசியவர்கள் பலர் உண்டு. பெண் தன் வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்வதற்குக் கர்ப்பத்தடை வேண்டும் என்று 1930களிலேயே பெரியார் எழுதியதை, நான் அந்த மங்கலான கோட்டைப் பார்த்த பிறகுதான் உண்மையில் புரிந்துகொண்டேன். அமெரிக்கச் செவிலியர் மார்கரெட் சாங்கர் 1916இல் நியூயார்க்கில் திறந்த கருத்தடை மையத்தைக் காவல்துறை சில நாட்களிலேயே மூடியது. அமெரிக்காவில் திருமணமான தம்பதியர் கருத்தடையைப் பயன்படுத்தும் உரிமையை உச்ச நீதிமன்றம் 1965இல் உறுதி செய்தது. மணமாகாதவர்களுக்கு அதே உரிமை கிடைக்க 1972 ஆயிற்று. எத்தனை குழந்தைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதைத் தீர்மானிப்பது பெற்றோரின் அடிப்படை மனித உரிமை என்று 1968இல் தெஹ்ரானில் நடந்த ஐக்கிய நாடுகளின் மாநாடு அறிவித்தது. இன்று மருந்துக் கடையில் கைநீட்டி வாங்கும் ஒரு பொருளுக்காகச் சிறை சென்றவர்கள் இருந்திருக்கிறார்கள்.

எந்த முறையைப் புரிந்துகொள்ளவும் முதலில் இரண்டு கால அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை உயிரோடிருக்கும். சினைப்பையிலிருந்து வெளியான முட்டையின் ஆயுளோ ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஆகவே ஒரு சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ள காலம் ஏறத்தாழ ஆறு நாட்கள். இதைக் கொண்டு நாட்களை எண்ணித் தவிர்க்கும் வழியை ஜப்பானிய மருத்துவர் ஒகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் க்னௌஸும் 1920களில் தனித்தனியே செய்த ஆய்வுகள் உருவாக்கின. மாதவிடாய் 26 முதல் 32 நாட்களுக்குள் ஒழுங்காக வருபவர்கள் 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை உறவைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் இன்றைய எளிய வடிவம். ஒழுங்காக வராதவர்களுக்கு இது பயன்படாது. மன அழுத்தம், காய்ச்சல், பயணம், தூக்கக் கேடு என்று முட்டை வெளியாகும் நாளைத் தள்ளிப்போடக்கூடியவை ஏராளம். நாட்காட்டிக்கு அவை எதுவும் தெரியாது.

மற்ற முறைகளெல்லாம் முட்டை வெளியாகாமல் நிறுத்துகின்றன, அல்லது விந்தணு முட்டையை அடையாமல் மறிக்கின்றன, அல்லது வழியையே அடைத்துவிடுகின்றன. எந்த இடத்தில் தடுக்கிறது என்று தெரிந்துவிட்டால், எப்போது தவறும் என்பதும் தெரிந்துவிடும். இதை ஆணித்தரமாகச் சொல்வதற்குக் காரணம் ஒரு கணக்கு. எந்தக் கருத்தடையும் இல்லாமல் உறவு கொள்ளும் 100 பெண்களில் ஓராண்டில் சுமார் 85 பேர் கருவுறுவார்கள். மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் விதிப்படி எடுத்தால் 100இல் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வாழ்க்கையில் மாத்திரை எடுக்கப்படும் விதத்தில் அது சுமார் 7. ஆணுறையைப் பிழையின்றிப் பயன்படுத்தினால் 2, நடைமுறையில் 13. விந்து வெளியாகும் முன் விலகிக்கொள்ளும் முறைக்கு ஏட்டில் 4, நடைமுறையில் 20. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டிக்கும் கையில் தோலுக்கடியில் வைக்கும் மெல்லிய குச்சியான இம்ப்ளான்டுக்கும் இந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றே: நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஒரு முறையை அளக்கச் சரியான கோல் என்பது என் கருத்து. அந்தத் தூரத்திற்குள் மறதி இருக்கிறது, இரவுப் பணி இருக்கிறது, வாந்தி இருக்கிறது, "இன்றைக்கு மட்டும் பரவாயில்லை" என்பது இருக்கிறது. இதைப் பெண்ணின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. ஒவ்வொரு நாளும் நினைவுகூரப்பட வேண்டிய மருந்தும், ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய சாதனமும் நம்மிடம் கேட்பது வேறு வேறு.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு ஹார்மோன்கள் கலந்த வழக்கமான அட்டையில் 21 மாத்திரைகளில் மருந்து இருக்கும். சில அட்டைகளில் வேறு நிறத்தில் மருந்தற்ற 7 மாத்திரைகள் சேர்ந்திருக்கும். அந்த ஏழு நாட்களில்தான் உதிரப்போக்கு வரும். முட்டை வெளியாவதை நிறுத்துவதோடு, கருப்பை வாயிலுள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவையும் இது தடுக்கிறது. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதிக்கப்பட்ட முதல் மாத்திரையில் இன்றுள்ளதைவிடப் பல மடங்கு ஹார்மோன் இருந்தது. அதற்கு முன், 1956இல், போர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புகளில் அது சோதிக்கப்பட்டது. இது கருவைத் தடுக்கும் என்று அந்தப் பெண்களுக்குச் சொன்னார்கள். இது சோதனை என்பதைச் சொல்லவில்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று அவர்கள் முறையிட்டதை அங்கிருந்த பெண் மருத்துவர் பதிவு செய்து எச்சரித்தும் ஆய்வை நடத்தியவர்கள் பொருட்படுத்தவில்லை. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்களுக்கு விடுதலை தந்த மருந்து அவர்கள் உடம்பைக் கடந்து வந்தது என்பதை மறக்காமல் இருக்க விரும்புகிறேன்.

இன்றைய மாத்திரை மிகவும் பாதுகாப்பானது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்கள், கண்ணில் ஒளிக்கீற்றுகள் தோன்றித் தொடங்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பை மாத்திரை குறைக்கிறது; எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது. மாத்திரையால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகும் என்பது மட்டும் வெறும் பயம். நிறுத்திய சில வாரங்களிலேயே பலருக்கு முட்டை வெளியாகத் தொடங்கிவிடுகிறது. லக்னோவில் உருவாக்கப்பட்டு 1991இல் அறிமுகமான சென்ட்குரோமன் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனோ புரோஜெஸ்டினோ இல்லை. முதல் மூன்று மாதம் வாரத்திற்கு இருமுறை, பிறகு வாரத்திற்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

பாலூட்டும் தாய்க்குக் குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை கலப்பு மாத்திரையைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஆகவே மகள் பிறந்த பிறகு எனக்குப் புரோஜெஸ்டின் மட்டுமுள்ள மாத்திரை கொடுக்கப்பட்டது. அதை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். நான் எடுத்த வகையில் மூன்று மணி நேரத்திற்கு மேல் தாமதமானால் அடுத்த இரண்டு நாட்களுக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும். கைபேசியில் மணி ஒலிக்கும். ஒலிக்கும்போது ஒரு கையில் மகளும் மறு கையில் மகனின் ஈரத் துணியும் இருக்கும். மணியை நிறுத்திவிட்டு, இதோ எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நள்ளிரவில் விழிக்கும்போதுதான் நினைவுக்கு வரும். ஒரே அட்டையில் நான்கு மாத்திரைகள் பொதிந்தபடியே இருப்பதைப் பார்த்த அன்று, இந்த மருந்து நல்லதுதான், என்னுடைய இந்த நாட்களுக்கு ஏற்றதில்லை என்று மருத்துவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் மேசையைத் திறந்து, மாதிரிக்கு வைத்திருந்த ஒரு காப்பர் டியை என் உள்ளங்கையில் வைத்தார். மூன்றரை சென்டிமீட்டர் நீளம்தான்; தீக்குச்சியைவிடக் குட்டையாக, வெள்ளை நெகிழியில் டி எழுத்தின் வடிவத்தில் இருந்தது. தண்டில் மெல்லிய செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. இரு கைகளிலும் சிறு செம்பு உறைகள். அடியில் இரண்டு நூல்கள். கைகளை விரலால் அழுத்திப் பார்த்தேன், மடங்கிக்கொண்டு விட்டவுடன் நிமிர்ந்தன. அதிலிருந்து கசியும் செம்பு விந்தணுவை நகர முடியாமல் செய்துவிடுகிறது. 380ஏ என்ற வகை குறைந்தது பத்து ஆண்டுகள் வேலை செய்யும். வேண்டும்போது எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பிவிடும். இது உடம்புக்குள் நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது. மருத்துவர் படம் வரைந்து காட்டினார்: கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே இல்லை. வைக்கும்போது கருப்பைச் சுவரில் துளை விழுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நேரலாம். முதல் சில மாதங்களில் சிலருக்கு அது தானாக வெளியே வந்துவிடலாம். நூலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.

வைத்த அன்று இறுக்கிப் பிடிக்கும் வலி சில நிமிடங்கள் இருந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் நான் கருத்தடையை நினைக்கவே இல்லை. அந்த நிம்மதியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் காப்பர் டி உதிரப்போக்கைக் கூட்டும். பலருக்கு ஆறு மாதத்தில் அது தணிந்துவிடும். எனக்குத் தணியவில்லை, ஏற்கெனவே குறைவாக இருந்த ஹீமோகுளோபின் மேலும் இறங்கியது. ஹார்மோன் கசியும் கருப்பைச் சாதனம் இதற்கு நேர்மாறாக உதிரப்போக்கைக் குறைக்கும் என்று மருத்துவர் அதையும் விளக்கினார். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசியைப் பற்றியும், மேல்கையின் தோலுக்கடியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை பலன் தரும் இம்ப்ளான்டைப் பற்றியும் சொன்னார். ஊசி வசதியானது, யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ள முடிவது சில பெண்களுக்கு உயிர்நாடி. ஆனால் நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். எனக்கு முடிவெடுக்கச் சற்று அவகாசம் தேவைப்பட்டது. காப்பர் டியை எடுத்துவிட்டு, அதுவரைக்கும் ஆணுறை என்று தீர்மானித்தோம்.

பால்வினை நோய்களிலிருந்தும் எச்ஐவியிலிருந்தும் காப்பாற்றும் கருத்தடைச் சாதனங்கள் ஆணுறையும் பெண்ணுறையும் மட்டுமே. வேறெந்த முறையைக் கைக்கொண்டாலும் நோய்த்தொற்றுக்கு வாய்ப்பிருந்தால் உறை வேண்டும். அது தவறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சிறியவை. தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவை ரப்பர் உறையை நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். தண்ணீர் அல்லது சிலிக்கோன் சார்ந்த வழவழப்புத் திரவமே பொருந்தும். பணப்பையில் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த உறையை நம்பக் கூடாது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் உராய்ந்து கிழியும்.

எங்களுக்கும் ஒருமுறை கிழிந்தது. அவசரக் கருத்தடை மாத்திரையை அப்போதுதான் முதலும் கடைசியுமாக எடுத்தேன். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்திற்குள், முடிந்தவரை சீக்கிரமாக எடுக்க வேண்டும். யூலிப்ரிஸ்டல் என்ற மற்றொரு மாத்திரைக்கு ஐந்து நாட்கள் வரை அவகாசம் உண்டு. ஐந்து நாட்களுக்குள் காப்பர் டி வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விடப் பலமானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்த மாத்திரைகள் முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகின்றன. உருவாகிவிட்ட கருவைக் கலைப்பதில்லை. அடுத்து வரும் நாட்களுக்கும் அவை பாதுகாப்புத் தருவதில்லை, ஏனெனில் தள்ளிப்போடப்பட்ட முட்டை பிறகு வெளியாகும். மருந்துக் கடையில் அதைக் கேட்டபோது விற்றவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு நாள் தாமதிக்கும் இளம்பெண்ணுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

அன்றிரவு என் கணவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாத்திரை, காப்பர் டி, இப்போ இது. எல்லாமே உன் உடம்புலதான் நடக்குது. நான் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார். இனி குழந்தை வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம் இருந்தது. உலகில் கருத்தடைக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் சுமார் 21.9 கோடி, ஆண்கள் சுமார் 1.6 கோடி என்பது ஐக்கிய நாடுகளின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு. பெண்ணுக்குச் செய்யும்போது வயிற்றுக்குள் சென்று கருக்குழாய்களை அடைக்க வேண்டும். ஆணுக்கு அது விதைப்பையின் தோலில் ஒரு சிறு துளையோடு, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு முடிந்துவிடுகிறது. கத்தி வைக்காத இந்த முறையை 1970களில் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கினார். வெட்டப்படுவது விந்தணு வரும் குழாய் மட்டுமே. ஆண்மை ஹார்மோன் இரத்தத்தின் வழியாகச் செல்வதால் ஆசைக்கும், உடல் வலிமைக்கும், உறவுக்கும் அதனால் குறைவு வருவதில்லை. விந்தின் அளவிலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இருக்காது, ஏனெனில் அதில் விந்தணுவின் பங்கு மிகச் சிறியது. இதை நிரந்தரம் என்று எண்ணித்தான் செய்துகொள்ள வேண்டும். மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு என்றாலும் அதற்கு உத்தரவாதம் இல்லை.

அவர் காலையில் போய், மதியத்திற்குள் நடந்தே வீடு திரும்பினார். இரண்டு நாட்கள் பாரம் தூக்காமல் இருந்தார்; மகளைத் தூக்க முடியவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. பலர் தவறிப்போகும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. குழாயின் மேற்பகுதியில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேற ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை வேறு பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனைக்கு அவர் போவாரா, வெட்கப்பட்டுத் தட்டிக்கழிப்பாரா என்று எனக்குள் ஓர் ஐயம் இருந்தது. நாட்காட்டியில் அந்தத் தேதியை அவரே வட்டமிட்டு வைத்திருந்தார். விந்தணுக்கள் காணப்படவில்லை என்று ஒற்றை வரியில் எழுதியிருந்த தாளைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். இருவரும் அதை இரண்டு முறை படித்தோம். அதன் பிறகுதான் அலமாரியில் மீதமிருந்த ஆணுறைப் பெட்டியை அப்புறப்படுத்தினேன்.